செவேரின் கொடிக்கயிறு: நாகப்பட்டினம் 1782, இரண்டு சிறுகப்பல்கள், ஒரு நிகழ்வு ஆய்வு

1782 ஜூலை 6, நண்பகல் கடந்து சிறிது நேரம். நாகப்பட்டினத்துக்கு எதிரே கடலில் 'செவேர்' என்ற 64 பீரங்கி பிரெஞ்சுப் போர்க்கப்பலின் கொடி கீழே இறங்கியது. அதனோடு மோதிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் கப்பல் 'சுல்தான்' தன் அணியோடு சேரத் திரும்பத் தொடங்கியது. அந்த நேரத்தில் செவேர் மறுபடி சுட்டது, சுல்தானை நீளவாக்கில் துளைத்தது. சண்டைக்குப் பிறகு பிரிட்டிஷ் தளபதி எட்வர்ட் ஹியூஸ் ஆள் அனுப்பி, சரணடைந்த கப்பலை ஒப்படைக்கச் சொன்னார். பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் மறுத்துவிட்டார். கொடியை யாரும் இறக்கவில்லை, குண்டு பட்டுக் கொடிக்கயிறு அறுந்து அது தானாக விழுந்தது என்பது அவருடைய பதில்.

ஒரு கப்பல் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு ஒரு கயிற்றின் மேல் நின்றது. 1:700 அளவில் பாய்க்கப்பல்களுக்கு வண்ணம் பூசிக் கயிறு கட்டுகிற எனக்கு, இதைப் படித்த நாளிலிருந்து வேறு கப்பல் எதுவும் செய்யத் தோன்றவில்லை. சுல்தானையும் செவேரையும் ஒரே பலகையில், அந்தக் கொடி இறங்கும் கணத்தில் நிறுத்த வேண்டும் என்று தொடங்கினேன். முதல் ஜோடி முழுத் தோல்வி. இரண்டாவது ஜோடி இப்போது என் மேசையில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் கற்றதை முறையாக எழுதி வைக்கிறேன். நம் ஊர்க்காரர்கள் சிலர் இந்தக் கலையில் இறங்கியிருக்கிறார்கள். அவர்கள் நான் விழுந்த அதே குழிகளில் விழ வேண்டாம்.

சண்டையைப் பற்றித் தேவையான அளவு

சுஃப்ரேனும் ஹியூஸும் 1782, 83 ஆண்டுகளில் ஐந்து முறை மோதினார்கள். சதுரங்கப்பட்டினம், இலங்கையின் கிழக்குக் கரையில் பிராவிடியன், நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர் என ஐந்தும் தமிழ் பேசும் கரைக்கு அருகே நடந்தவை. ஐந்திலும் ஒரு அணிக்கப்பல்கூட, அதாவது வரிசையில் நின்று சண்டையிடும் பெரிய போர்க்கப்பல்கூட, எதிரியிடம் பிடிபடவில்லை, சண்டையில் மூழ்கவும் இல்லை. நாகப்பட்டினம் மூன்றாவது. டச்சுக்காரர்களிடமிருந்து அந்த ஊரை பிரிட்டிஷார் பிடித்து அப்போது எட்டு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. இரு பக்கமும் 11 கப்பல்கள். பிரெஞ்சு அணியின் பன்னிரண்டாவது கப்பலான 'அஜாக்ஸ்' முந்தின நாள் சூறைக்காற்றில் மேற்பாய்மரங்களை இழந்து ஒதுங்கி நின்றது.

நமக்கு முக்கியம் காற்று. காலையில் தென்மேற்குக் காற்று. நாகைக் கரையில் கச்சான் என்பார்களே, அதுதான். பிரிட்டிஷார் காற்று வரும் பக்கம், அதாவது கரைப் பக்கம். பிரெஞ்சுக்காரர்கள் கடல் பக்கம். இரு வரிசையும் ஏறத்தாழ தென்தென்கிழக்கு நோக்கிப் போயின. பன்னிரண்டரை மணி வாக்கில் கடற்காற்று திடீரென்று தென்தென்கிழக்கிலிருந்து அடித்தது. அதுவரை வலப்பக்கத்திலிருந்து வந்த காற்று கப்பல்களின் முகத்தில், சற்றே இடது பக்கமாக மோதியது. வரிசை சிதறியது. பெரும்பாலான கப்பல்கள் எதிரியை விட்டு விலகும் திசையில் திரும்பிவிட்டன. நான்கு பிரிட்டிஷ் கப்பல்களும் இரண்டு பிரெஞ்சுக் கப்பல்களும் மட்டும் எதிரியை நோக்கித் திரும்பின. அந்த ஆறில் இரண்டுதான் சுல்தானும் செவேரும். பிரெஞ்சுப் பக்கத்து இன்னொன்று 'பிரில்யான்', அது ஏற்கெனவே நடுப்பாய்மரத்தை இழந்திருந்தது.

அன்று பிரெஞ்சுப் பக்கம் 178 பேர் இறந்தார்கள், 601 பேர் காயம்பட்டார்கள். பிரிட்டிஷ் பக்கம் 77 பேர் இறப்பு, 233 பேர் காயம். பலகையில் ஏழு செ.மீ. நீளத்தில் நிற்கும் பொருளைப் பார்க்கும்போது இந்த எண்களை நான் மறப்பதில்லை.

முதல் ஜோடி

வாங்கியது 74 பீரங்கிக் கப்பலுக்கான, பாகங்களை ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் தொகுப்பு இரண்டு. செவேர் 64 பீரங்கிக் கப்பல், ஆகவே ஓர் உடலைச் சற்றே குறுக்கினேன். 74 பீரங்கிக் கப்பலின் பீரங்கித்தளம் சுமார் 51 மீட்டர். 1:700 அளவில் அது 7.3 செ.மீ. ஆள் ஒருவர் இரண்டரை மில்லிமீட்டர்கூட வரமாட்டார்.

தொகுப்போடு வந்த படத்தைப் பார்த்துப் பூசினேன். கறுப்பு உடல், பீரங்கி வரிசைக்கு மஞ்சள் பட்டை, அதன்மேல் கறுப்புப் பீரங்கிக் கதவுகள், சதுரங்கப் பலகை போல. சுல்தானுக்கு யூனியன் ஜாக் மூலையில் வைத்த கொடி. செவேருக்கு மூவண்ணக் கொடி. எல்லாப் பாயும் விரித்து முன்பக்கம் புடைத்து நின்றன. கயிறு கட்டினேன், அக்டோபர் மழையில் முடித்தேன், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தேன்.

தீபாவளிக்கு அக்கரைப்பேட்டையிலிருந்து வந்த உறவினர் ஒருவர், வாழ்நாள் முழுக்க விசைப்படகும் அதற்கு முன் பாய்வள்ளமும் ஓட்டியவர், பெட்டிக்கு முன் நெடுநேரம் குனிந்து நின்றார். பிறகு கேட்டார்:

"தம்பி, இதுல காத்து எங்கேருந்து அடிக்குது?"

"பின்னாலேருந்துண்ணே. பாய் முன்னால வீங்கியிருக்கு பாருங்க."

"அப்ப கொடி ஏன் பின்னால பறக்குது? பாய்க்கு ஒரு காத்து, கொடிக்கு ஒரு காத்தா?"

அன்று இரவே பெட்டியைத் திறந்து இரண்டு கப்பலையும் வெளியே எடுத்தேன். தவறு கொடியில் மட்டும் இருந்திருந்தால் ஒட்டு மாற்றி முடித்திருப்பேன். ஒன்றை இழுத்ததும் எல்லாம் அவிழ்ந்து வந்தது.

நிறம் ஆண்டைச் சொல்லும்

சதுரங்கப் பட்டை பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் காலத்து வழக்கம். 1805 டிரஃபால்கர் சண்டையை ஒட்டிப் பரவியது. 1782இல் நாகைக்கு எதிரே நின்ற கப்பல் எதிலும் அது இருந்திருக்க முடியாது. 23 ஆண்டு வித்தியாசம். ஒரு சண்டையின் கப்பல்களுக்கு இன்னொரு தலைமுறையின் சட்டையை மாட்டியிருந்தேன். டிரஃபால்கரில்கூட அந்த நிறங்கள் அழகுக்காக வந்தவை இல்லை. நண்பன் யார், எதிரி யார் என்று புகைக்குள் தெரிய வேண்டும். பிரெஞ்சுக் கப்பல்களின் பாய்மர வளையங்கள் கறுப்பு என்பதால் தன் கப்பல்களின் வளையங்களை மஞ்சளாகப் பூசச் சொன்னார் நெல்சன். 1782இல் அந்தத் தேவையும் ஆணையும் கிடையாது.

மூவண்ணக் கொடி பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு வந்தது. 1782இல் பிரெஞ்சு அரசுக் கப்பலின் கொடி வெறும் வெள்ளை. இப்போது என் பலகையைப் பார்க்கிற எல்லாரும் அது சரணடையும் கொடி என்று நினைக்கிறார்கள். அந்தக் காலத்தில் வெள்ளைக்கொடி பறந்தால் சண்டை நடக்கிறது என்று பொருள். அது இறங்கினால்தான் சரண். யூனியன் ஜாக்கிலும் தவறு இருந்தது. அயர்லாந்தின் சிவப்புக் குறுக்குக்கோடு அதில் சேர்ந்தது 1801இல். தொகுப்புக் கொடியில் அந்தக் கோடு இருந்தது. 12 மி.மீ. கொடியில் யார் பார்ப்பார்கள் என்று ஒரு நாள் யோசித்தேன். பார்ப்பவர் நான், எனக்கே தெரிந்தபின் விட முடியவில்லை.

அப்படியானால் 1782க்கு என்ன நிறம்? பிரிட்டிஷ் கப்பல்களில் வழக்கமானது மரத்தின் சொந்த நிறம். பக்கப்பலகைக்கு ரோசினும் டர்பென்டைனும் கலந்த மெருகு பூசுவார்கள். வெயிலும் உப்பும் பட்டு அது பழுத்த மஞ்சள் பழுப்பாகும். நீர்மட்டத்துக்கு மேலே ஓடும் தடித்த பட்டிகைப் பலகைகள் தார் பூசிய கறுப்பு. பீரங்கிக் கதவின் வெளிப்பக்கம் பக்கப்பலகையின் நிறமே, உட்பக்கம் செங்காவி. கதவு திறந்து நிற்கும்போது தெரிவது அந்தக் காவிதான். மேல்தளத்துக் கைப்பிடிச் சுவரின் உட்புறமும் காவி.

கேம்லின் அக்ரிலிக்கில் எல்லோ ஓக்கரையும் பர்ண்ட் அம்பரையும் மூன்றுக்கு ஒன்று கலந்து அடிப்பூச்சு போட்டேன். காய்ந்ததும் அம்பரை நிறைய நீர்விட்டு ஓடவிட்டு இடுக்குகளை இருட்டாக்கினேன். பிறகு ஓக்கரில் வெள்ளை கொஞ்சம் சேர்த்து, தூரிகையைத் துணியில் துடைத்துவிட்டு, விளிம்புகளில் மட்டும் உலர்ந்த வருடல். இங்கே ஒரு நுட்பம் உண்டு. சிறிய பொருளுக்கு முழு அடர் நிறம் பூசினால் பொம்மையாகத் தெரியும். உண்மைக் கப்பலை நாம் நூறு மீட்டர் தள்ளி நின்று, இடையில் காற்றும் ஈரமும் இருக்கத்தான் பார்க்கிறோம். எனவே ஒவ்வொரு நிறத்தையும் வெளிறச் செய்ய வேண்டும். தார்க் கறுப்பைக்கூட நான் கறுப்பாகப் பூசவில்லை, பழுப்பு கலந்த கரும்சாம்பல்தான். தளப்பலகைக்குக் காபி நிறம் பூசுவது எல்லாரும் செய்யும் பிழை. நாள்தோறும் கல்லால் தேய்த்துக் கழுவிய தளம் வெளுத்த சாம்பலாக இருக்கும். வீட்டு முற்றத்தில் வெயிலில் கிடந்த பழைய பலகையைப் பாருங்கள், அந்த நிறம்.

இரண்டு கப்பலுக்கும் ஒரே பூச்சு போடக்கூடாது என்பதற்கு வரலாற்றுக் காரணமே இருக்கிறது. சுல்தான் ஐரோப்பாவிலிருந்து வந்து ஹியூஸோடு சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சுஃப்ரேனின் அணி 1781 மார்ச்சில் பிரெஸ்ட் துறைமுகத்தைவிட்டுக் கிளம்பி, வழியில் கேப் வெர்டே தீவுகளின் போர்டோ பிராயாவில் ஒரு சண்டை, இங்கே வந்து இரண்டு சண்டை என்று ஓட்டிக்கொண்டிருந்தது. நாகைச் சண்டைக்குப் பிறகு உடைந்த பாய்மரங்களுக்கு மாற்றுக் கிடைக்காமல் தன் சிறு கப்பல்களின் பாய்மரங்களையே கழற்றிப் பெரிய கப்பல்களுக்குப் போட்டார் சுஃப்ரேன். அந்த அணியோடு மொரீஷியஸில் சேர்ந்த கப்பல் செவேர். அதன் மெருகை மங்கலாக்கினேன். பாய்களில் மூன்றை மற்றவற்றைவிட வெளிறச் செய்து, இரண்டில் ஒட்டுப்போட்ட சதுரங்கள் வரைந்தேன். அந்த ஒட்டுகள் என் ஊகம். ஆனால் இவ்வளவு காலம் சொந்த நாட்டுத் துறைமுகத்தைப் பார்க்காத கப்பலில் புதுப் பாய் வரிசை தொங்கியிருக்கும் என்று நினைப்பது அதைவிடப் பெரிய ஊகம்.

பாய்த்துணி வெள்ளை இல்லை. சணலும் ஆளியும் நெய்த கித்தான், சாம்பல் தட்டிய பாலேட்டு நிறம். துணியின் அகலம் சுமார் 61 செ.மீ., ஆகவே 1:700இல் தையல் கோடுகள் 0.9 மி.மீ. இடைவெளியில் வரும். கூர்மையான பென்சிலால் அந்த இடைவெளியில் கோடு போட்டு விரலால் மெல்லத் தேய்த்தேன். பக்கத்தில் போனால் தையல் தெரிகிறது, அரை அடி விலகினால் மறைகிறது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

கயிறு நேரத்தைச் சொல்லும்

உறவினரின் கேள்விக்கு வருவோம். காகிதத்தில் இரண்டு கோடு போட்டேன். காற்று தென்தென்கிழக்கிலிருந்து. சுல்தான் எதிரியை நோக்கி இடப்பக்கம் திரும்பியது, ஆகவே முகம் கிழக்கு, வடகிழக்கை ஒட்டி. செவேர் வலப்பக்கம் திரும்பியது, முகம் மேற்கு. ஒரே காற்று சுல்தானுக்கு வலப்பக்கத்திலிருந்தும் செவேருக்கு இடப்பக்கத்திலிருந்தும் வருகிறது. அப்படியானால் பாய் தொங்கும் குறுக்குக்கட்டைகளை, நம் கரையில் பருமல் என்பதை, இரண்டு கப்பலிலும் எதிரெதிராகத் திருப்பிக் கட்ட வேண்டும். காற்று வரும் பக்கத்து நுனி முன்னுக்கு, மறு நுனி பின்னுக்கு. கொடிகள் இரண்டும் ஒரே திசையில், வடவடமேற்கில் பறக்க வேண்டும். கப்பலோடு ஒப்பிட்டால் சுல்தானின் கொடி இடப்பக்கம் குறுக்காகவும் செவேரின் கொடி வலப்பக்கம் குறுக்காகவும் நிற்கும். பின்னால் வால்போலப் பறக்கும் கொடிக்கு இந்தப் பலகையில் இடமே இல்லை.

தொகுப்புகளில் பருமல்கள் பாய்மரத்தோடு சேர்த்தே வார்த்து, கப்பலின் நீளத்துக்குச் செங்குத்தாக வரும். வெட்டித் திருப்ப வேண்டும். பலர் இதைச் செய்யாமல் விடுகிறார்கள். எத்தனை நேர்த்தியாக நூல் கட்டினாலும் செங்குத்தாக நிற்கும் பருமல் அந்தக் கப்பலை அலமாரிப் பொருளாக்கிவிடும். எவ்வளவு திருப்பலாம் என்பதற்கும் எல்லை உண்டு. பாய்மரத்தைப் பக்கவாட்டில் பிடிக்கும் ஷ்ரவுட் கயிறுகள் பருமலைத் தடுக்கும். அதனால்தான் சதுரப்பாய்க் கப்பல் காற்றின் திசைக்கு 67 பாகைக்கு மேல் நெருங்க முடியாது. பக்கக்காற்றுக்கு நான் பருமல்களைக் கப்பல் நீளத்திலிருந்து 45 பாகை அளவில் வைத்தேன்.

அடுத்தது எந்தப் பாய் விரிந்திருக்க வேண்டும் என்பது. சண்டைக்குப் போகும் கப்பல் அடிப்பாய்களைச் சுருட்டி மேலே இழுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் தளத்திலிருந்து எதிரியைப் பார்க்க முடியாது, பீரங்கித் தீப்பொறி பட்டுப் பாய் பற்றும். ஒவ்வொரு பாய்மரத்திலும் அடிப்பாய்க்கு மேலே வரும் நடுப்பாய்களே சண்டைப் பாய்கள். தொகுப்பின் புடைத்த பாய்களை ஓரமாக வைத்துவிட்டு மெல்லிய டிஷ்யூ தாளைத் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் நனைத்து, அடிப்பாய்களைப் பருமலுக்குக் கீழே மடித்துத் தொங்கவிட்டேன். நடுப்பாய்களுக்கு அதே தாளை முட்டை ஓட்டின் மேல் காயவைத்து வளைவு எடுத்தேன். செவேரின் முன்பாய்மர நடுப்பாயை மட்டும் வளைக்கவில்லை. காற்று முகத்தில் அடித்துச் சில நிமிடங்கள்தான் ஆகியிருக்கும். அந்தப் பாய் இன்னும் முழுதாகப் புடைக்காமல் தட்டையாக, ஒரு ஓரம் பாய்மரத்தில் ஒட்டி இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். இரண்டு கப்பல்களையும் சேர்த்து நான் மிகவும் நேசிக்கும் இடம் அதுதான்.

ஆண்டைக் காட்டும் கட்டமைப்பும் கயிற்றில் உண்டு. தொகுப்பில் பின்பாய்மரத்துக்கு மேலும் கீழுமாக இரண்டு கட்டைகள் பிடித்த நவீனப் பாய் இருந்தது. 1782இல் பெரிய கப்பல்களில் பழைய நீண்ட சாய்பருமல் இன்னும் போகவில்லை. பாயின் முன்பாதியை நீக்கிவிட்டாலும் கட்டையை முழுதாக வைத்திருந்தார்கள், வேறு கட்டை உடைந்தால் மாற்றாக உதவும். பாய்வள்ளத்தின் முக்கோணப்பாயைத் தாங்கும் சாய்ந்த பருமலைக் கண்டவர்களுக்கு அந்தச் சாய்வு உடனே பிடிபடும். பித்தளைக் கம்பியில் புதிதாகச் செய்தேன். கப்பலின் முன் மூக்கிலிருந்து கீழ்நோக்கிக் குத்திட்டு நிற்கும் சிறு கட்டை ஒன்று தொகுப்பில் இருந்தது. டால்ஃபின் ஸ்ட்ரைக்கர் என்பார்கள். அது 1790களில்தான் வந்தது. வெட்டி எறிந்தேன்.

நூல்

முதல் ஜோடியின் அழிவு நூலில் நடந்தது. அதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் கைவிடுகிறார்கள்.

அப்போது பயன்படுத்தியது வெள்ளைப் பருத்தித் தையல்நூல். வெள்ளையாக இருக்கிறதே, கட்டிவிட்டு நிறம் ஏற்றலாம் என்று எல்லாவற்றையும் கட்டியபின் தண்ணீர் கலந்த பழுப்பை நூலில் ஓடவிட்டேன். ஐந்து நிமிடத்தில் முன்பாய்மரத்தின் மேல்பகுதி முன்னுக்கு வளைந்தது. முறுக்கிய இயற்கை இழை நனைந்தால் பருத்துச் சுருங்கும், உண்மைக் கப்பலின் சணல் கயிறும் மழையில் அப்படித்தான் இறுகும். 1 மி.மீ. தடிமன் பிளாஸ்டிக் அந்த இழுப்பைத் தாங்கவில்லை. காய்ந்ததும் நூல் தளர்ந்தது, வளைந்த பாய்மரம் வளைந்தபடியே நின்றது. இப்போது எல்லா நூலும் தொய்வு. போதாததற்குப் பஞ்சிழைகள் பிரிந்து, ஒவ்வொரு கயிற்றிலும் முடி முளைத்தது போல இருந்தது.

தொய்வை இழுத்து ஒட்ட உடனடிப் பசையை, சயனோஅக்ரிலேட்டைத் தாராளமாக வைத்தேன். அடுத்த நாள் காலையில் கறுப்பு உடல் முழுக்க வெள்ளைப் பூஞ்சணம் பூத்தது போலிருந்தது. பசையின் ஆவி காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து வெண்படலமாகப் படியும். மழைக்காலச் சென்னையில், மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள், அதற்கு அதைவிட நல்ல இடம் வேண்டுமா? பசைமேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் நான் வைத்த அளவும் நேரமும்தான் காரணம்.

இரண்டாவது ஜோடியை ஜனவரிக்குத் தள்ளினேன். பசையைப் புட்டியிலிருந்து நேரே வைக்கவில்லை. ஒரு துளியைத் தகட்டில் விட்டு, ஊசிமுனையால் தொட்டு, முனையில் ஒட்டிய அளவை மட்டும் கயிற்றின் நுனியில் வைத்தேன். வேலை முடிந்ததும் இரண்டு நாள் பெட்டியை மூடவில்லை. கைக்கு எட்டாத இடங்களில் வெள்ளைப் பசையே போதும், மெதுவாகக் காயும், படலம் வராது.

நூலைத் தேர்ந்தெடுக்குமுன் கணக்கு போட்டேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். நடுப்பாய்மரத்தை முன்பக்கம் இழுத்துப் பிடிக்கும் பெருங்கயிறு, மெயின்ஸ்டே, கப்பலிலேயே தடித்த நிலைக்கயிறு, அதாவது பாய்மரத்தை அசையாமல் தாங்கும் கயிறு. அதன் சுற்றளவு பாய்மர விட்டத்தில் பாதி என்பது அந்தக் காலக் கணக்கு. 74 பீரங்கிக் கப்பலில் பாய்மரம் 36 அங்குலம் என்று வைத்தால் கயிற்றின் சுற்றளவு 18 அங்குலம், விட்டம் ஏறத்தாழ 14.5 செ.மீ. 1:700இல் 0.2 மி.மீ. ஷ்ரவுடுகள் 8 செ.மீ. அளவு, அதாவது 0.11 மி.மீ. அவற்றின் மேல் மாலுமிகள் ஏறும் ஏணிக்கயிறுகள் ஒரு செ.மீ. சொச்சம், 0.02 மி.மீ. தலைமயிரே 0.05இலிருந்து 0.1 மி.மீ. வரை வரும். ஆக, மூன்று தடிமன் நூல் போதும், அதற்குக் கீழே உள்ளவற்றை அளவுக்குச் செய்ய முடியாது. சாதாரணத் தையல்நூல் 0.2 மி.மீ.க்குக் குறையாது. முதல் ஜோடியில் எல்லாக் கயிறும் அந்த ஒரே நூல். கொடிக்கயிறு கப்பலின் மிகத் தடித்த கயிற்றுக்குச் சமமாக இருந்தது!

மெயின்ஸ்டேக்கும் முன்பாய்மர ஸ்டேக்கும் பாலியெஸ்டர் நூலைத் தேன்மெழுகில் இழுத்துப் பஞ்சை அடக்கிக் கட்டினேன். மற்ற ஸ்டேகளுக்கும் பருமலைத் திருப்பும் பிரேஸ்களுக்கும் நீளும் இழை. லைக்ரா இழை என்று மாடல் கடைகளில் கிடைக்கிறது. சற்றே இழுத்து ஒட்டினால் பாய்மரத்தை வளைக்காது, தவறிக் கைபட்டால் அறுந்துவிடாமல் நீண்டு மறுபடி நேராகும். ஷ்ரவுடும் ஏணிக்கயிறும் சேர்ந்த முக்கோணங்களை மட்டும் தொகுப்பின் ஒளிபுகும் தாளில் அச்சிட்டபடியே வைத்தேன், ஓரப் பளபளப்பை மட்டும் மங்கலாக்கினேன். அதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை.

நிறத்தைக் கட்டுவதற்கு முன்பே ஏற்றிவிட்டேன். நிலைக்கயிறுகள் தார் பூசியவை, கரும்பழுப்பு. இயங்கு கயிறுகள், அதாவது பருமலையும் பாயையும் இழுப்பவை, தார் குறைந்த சணல் நிறம். பலகையை ஒருவர் பார்த்தவுடன் எந்தக் கயிறு கப்பலைத் தாங்குகிறது, எந்தக் கயிறு மனிதன் கையில் இருக்கிறது என்று பிரிந்து தெரிய இந்த இரண்டு நிறம் போதும்.

கட்டும் வரிசையும் மாறியது. முன்பு நடுவிலிருந்து தொடங்கினேன். இப்போது முன் மூக்கு மரத்திலிருந்து. அதன்மேல் முன்பாய்மரம் தொங்குகிறது, முன்பாய்மரத்தின் மேல் நடுப்பாய்மரம், அதன்மேல் பின்பாய்மரம். உண்மைக் கப்பலிலும் மூக்கு மரம் போனால் முன்பாய்மரமும் போகும் ஆபத்து உண்டு. பசை காய்ந்து முன்கயிறு உறுதியானபின்தான் அடுத்த பாய்மரத்துக்குப் போனேன். பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றிக் கட்டினேன். பிரேஸ்களைக் கடைசியில். ஒரு கப்பலுக்குப் பதினெட்டு மாலைகள் ஆயின.

கொடி

கடைசியில் ஒரு கயிறு மிஞ்சியது. செவேரின் பின்தளத்தில் நிற்கும் கொடிக்கம்பம், அதில் வெள்ளைக்கொடி, அதன் கயிறு. கணக்குப்படி 0.015 மி.மீ. அளவுக்குச் செய்ய முடியாது. முடிந்த அளவு மெலிதாக்கலாம். தொகுப்பின் பாகங்களைப் பிடித்து வரும் பிளாஸ்டிக் சட்டக் குச்சியை மெழுகுவத்திமேல் காட்டி இளகியதும் இழுத்தேன். சுமார் இருபது முறை அறுந்தது. பிறகு மயிரிழையைவிட மெல்லிய ஒரு கீற்று, நான்கு செ.மீ. கிடைத்தது.

இங்கே நான் தீர்மானிக்க வேண்டியிருந்தது. குண்டு பட்டு அறுந்தது என்றால் கயிறு சுருண்டு காற்றில் வடக்கே பறக்க வேண்டும், கொடி தளத்தின்மேல் குவிந்து கிடக்க வேண்டும். மனிதர் இறக்கினார் என்றால் கயிறு கம்பத்தோடு விறைப்பாக, கொடி பாதி உயரத்தில் பறந்தபடி. ஹியூஸுக்கு சுஃப்ரேன் சொன்ன பதில் முதலாவது. ஆனால் கப்பலுக்குள் நடந்ததாகச் சொல்லப்படுவது வேறு. கேப்டன் சிலார் கொடியை இறக்கச் சொன்னார், அவருடைய அதிகாரிகள் அதை ஏற்கவில்லை, பீரங்கிகள் மறுபடி முழங்கின. சண்டைக்குப் பின் சிலாரைச் சுஃப்ரேனே பதவியிலிருந்து நீக்கினார். எதிரிக்கு ஒரு பதிலும் தன் அணிக்கு ஒரு தண்டனையும் கொடுத்த அந்தத் தளபதியை எண்ணிப் பார்த்தேன். கயிறு உண்மையில் அறுந்திருந்தால் சிலார் தலைமேல் அந்தப் பழி விழக் காரணமில்லை.

விறைப்பாகவே கட்டினேன். மேல்நுனிக்கு ஊசிமுனையளவு பசை, கீழ்நுனிக்கு வெள்ளைப் பசை. இடையில் சற்றே தொய்ந்திருந்தது. ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, அதன் தணல்முனையை இழைக்கு ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்ததும் அது மெல்லச் சுருங்கி நேராக நின்றது. கொடியைப் பாதி உயரத்தில் ஒட்டினேன், வடவடமேற்கு நோக்கி. கம்பத்தின் அடியில் ஓர் ஆள் உருவம், இரண்டரை மில்லிமீட்டர், இரு கையும் கயிற்றில்.

பொங்கலுக்கு வர முடியாத உறவினர் சித்திரையில் வந்தார். முன்போலவே நெடுநேரம் குனிந்து நின்றார். விரலால் கண்ணாடியில் ஒரு திசையைக் காட்டினார்.

"இங்கேருந்துதானே?"

"ஆமாண்ணே."

"மதியம் அப்படித்தான் திரும்பும்," என்றார்.